குடும்பம் என்று கருதத்தக்க சத்தம்

என் மனைவி பகலில் தூங்குகிறவள். சோம்பேறி என்று யாரும் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். பெரிய மருத்துவமனையில், பிறந்த குழந்தைகள் வார்டில், பதினோரு வருடமாக இரவு நர்ஸ் அவள். ஊரார் பல் துலக்கும் நேரத்தில் வீட்டுக்கு வருவாள். எட்டரைக்குப் படுத்தால் மூன்றரைக்கு எழுந்திருப்பாள். அந்த ஏழு மணி நேரத்தை நானும் மகளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்துவந்தோம். உள்ளங்கை அளவே இருக்கும் குழந்தைக்குச் சொட்டுக் கணக்கில் மருந்து அளப்பவள், தூக்கக் கலக்கத்தில் அளந்தால் என்ன ஆகும் என்பதை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நான் அச்சகங்களுக்குப் பிழை திருத்துகிறவன். வீட்டிலிருந்தே வேலை. ஒற்று மிகும் இடத்தையும் மிகா இடத்தையும் வாயைத் திறக்காமலே கண்டுபிடித்துவிடலாம் என்பதால் தொழில் தோதாக அமைந்தது. அவள் இரவு வேலைக்குப் போன முதல் வாரமே அழைப்பு மணியின் ஒயரைக் கழற்றிவிட்டேன். பாத்திரங்களுக்கு அடியில் துணி, நாற்காலிக் கால்களுக்குப் பழைய சாக்ஸ். ஒன்பது வயது மகள் காலைப் பள்ளி முடிந்து வந்து பையைத் தரையில் வைப்பதைப் பார்த்தால் உள்ளே முட்டை இருக்கிறதோ என்று தோன்றும். பேச வேண்டியதைக் கையால் பேசுவோம். கைக்கு அடங்காததைத் துண்டுச் சீட்டில் எழுதுவோம். நாளாக ஆக, மனைவி விழித்திருக்கும் மாலை நேரத்திலும் இதுவே பழக்கமாகிவிட்டது. அவளும் வார்டில் குசுகுசுவென்று பேசிப் பழகியவள்தானே. ஒருமுறை பள்ளி ஆசிரியை என்னைத் தனியாக அழைத்து, "உங்க பொண்ணுக்குக் காது நல்லாக் கேக்குமில்ல?" என்று விசாரித்தார். நன்றாகக் கேட்கும் என்று நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு குட்டையும், அதற்கு அப்பால் புதர் மண்டிய பெரிய வெளியும் இருந்தன. அங்கே சரக்கு முனையம் வரப்போகிறது என்ற செய்தி முதலில் பரவியபோது தெருவில் நாலைந்து ஆண்கள் வெளிப்படையாகவே சந்தோஷப்பட்டார்கள். அது ரயில் சரக்கு என்று தெரிந்ததும் முதல் ஆளாக எதிர்த்தவர்களும் அவர்கள்தான். ஒரு நாளைக்கு நாற்பத்தெட்டு கூட்ஸ் வண்டிகள். பெட்டிகளைத் தூக்கி வைக்கும் கிரேன்கள். லாரிகளுக்கு ஆறு வழிச் சாலை. பெட்டிகளை முட்ட வைத்து இணைக்கும் தண்டவாளம் எங்கள் பின்சுவரிலிருந்து இருபத்தாறு மீட்டரில் வரவிருந்தது.

முனைய ஆணையம் வீடு வீடாக ஒரு பிரசுரம் கொடுத்தது. "மக்கள் நலன் கருதி, சத்தம் எழுப்பும் பணிகள் யாவும் காலை எட்டு முதல் மாலை ஆறு வரை மட்டுமே நடைபெறும். மக்கள் தூங்கும் நேரத்தில் ஒரு குண்டூசிகூட விழாது." மனைவி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு சீட்டில் எழுதி நீட்டினாள்: "நான் மக்கள் இல்லையா?" அதில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

சுற்றுச்சூழல் ஆய்வு ஆரம்பித்தது. மரங்களுக்கு எண் போட ஒருவர் வந்தார். மண்ணை டப்பாவில் அடைத்துக்கொண்டு போக ஒருவர் வந்தார். ஒலி நிபுணர் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. கதவைத் தட்டக் கையை ஓங்கியவரை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, ஓடிப்போய்த் திறந்து, உதட்டில் விரலை வைத்தேன். நல்ல மனிதர். புரிந்துகொண்டு தானும் உதட்டில் விரலை வைத்தார். பின்பக்கம் ஒரு முக்காலியை நிறுத்தி, அதன்மேல் ஒரு பெட்டியை மாட்டினார். "ஏழு நாள் இருக்கும் சார். நீங்க எப்பவும்போல இருங்க" என்று என் காதருகே சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

நாங்கள் எப்பவும்போல இருந்தோம்.

ஆறு மாதம் கழித்து அறிக்கை வந்தது. ஆயிரத்து நூற்று நாற்பது பக்கம். ஆர்வ மிகுதியில் பொதுமக்கள் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று ஆணைய அலுவலகத்தில் அதை மேசையோடு சேர்த்துச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். பென்சிலும் கையுமாக நான்கு நாள் உட்கார்ந்து படித்தேன். 'அதிர்வு' என்று வர வேண்டிய இடமெல்லாம் 'அதிர்ஷ்டம்' என்று இருந்தது: "ரயிலின் அதிர்ஷ்டம் ஐம்பது மீட்டர் வரை உணரப்படும்." 'கழிவுநீர்' ஓரிடத்தில் 'கண்ணீர்' ஆகியிருந்தது: "முனையத்தின் கண்ணீர் சுத்திகரிக்கப்பட்டு ஓடையில் விடப்படும்." இப்படிப் பதினேழு. அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் எங்கள் வீடு வந்தது.

"வீடு எண் 14. ஏழு நாள் பதிவில் பேச்சு, சிரிப்பு, பாத்திரம், தொலைக்காட்சி, சண்டை ஆகிய எதுவும் காணப்படவில்லை. குடும்பம் என்று கருதத்தக்க சத்தம் இல்லாமையால் இவ்வீடு ஆளில்லாதது என வகைப்படுத்தப்படுகிறது. தடுப்புச் சுவர் தேவையில்லை."

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லாத பத்தி அது. தெரு நெடுக ஒலித்தடுப்புச் சுவர் எழுப்பப்போவதாக வரைபடம் காட்டியது. எங்கள் வீட்டுக்கு நேராக மட்டும், பல் விழுந்த இடம்போல, இடைவெளி.

அடுத்த பக்கத்திலிருந்து நாற்பத்தாறு பக்கம் குட்டைத் தவளைகள். அதே பெட்டிதான் அவற்றையும் பதிவு செய்திருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு தவளைகள், மூன்று இனம், அவற்றின் குடும்ப அமைப்பு, உரையாடல்களின் கால அளவு. ஏழு கிலோமீட்டர் தள்ளி அவற்றுக்குப் புதுக் குட்டை, நிழலுக்கு மரம், போகும் வழியில் சாலைக்கு அடியில் அகலமான குழாய். குழாயின் வாயில் "தவளைகள் செல்லும் பாதை" என்று ஒரு பலகை, வழி தவறிவிடக் கூடாது என்று. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் நுணல்கள் வாயால் பிழைத்தன. வாயை மூடிக்கொண்டு கெட்டவர்கள் நாங்கள்தான்.

ஆட்சேபணை எழுதிக் கொடுத்தேன். கை சும்மா இருக்காமல் அந்தப் பதினேழு பிழைகளையும் சேர்த்து எழுதிவிட்டேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. "தங்களது பதினெட்டு ஆட்சேபணைகளில் பதினேழு முழுமையாக ஏற்கப்பட்டன. ஆணையம் மக்கள் குரலுக்குச் செவிசாய்க்கிறது என்பதற்கு இதுவே சான்று. பதினெட்டாவது தொடர்பாக நேரில் வரவும்."

நேரில் போனேன். அதே ஒலி நிபுணர்தான். எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க சார், உக்காருங்க. பதினாலாம் நம்பர் வீடுதானே. அந்த வீட்ல யாரும் இல்லையே."

"நான் இருக்கேன் சார். நீங்க வந்தப்ப நான்தானே கதவத் தொறந்தேன்."

"ஞாபகம் இருக்கு. உதட்டுல விரல வச்சீங்க."

"அப்புறம் எப்படி ஆள் இல்லன்னு எழுதினீங்க?"

அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. பாடம் சொல்லிக் கொடுக்கிறவரின் பொறுமையோடு நாற்காலியில் சாய்ந்தார். "நான் உங்களப் பாத்தது என் சொந்த அனுபவம் சார். அத அறிக்கையில சேத்தா பாரபட்சம் ஆயிடும். நீங்க இருக்கீங்கன்னு நீங்க சொல்றீங்க. இருக்கீங்கன்னு நானும் சொல்றேன். ஆனா ரெண்டு பேரும் மனுசங்க பாருங்க, தப்பு பண்ணிடுவோம். கருவி தப்பு பண்ணாது."

மனைவியின் வேலையைச் சொன்னேன். அவள் பகலில் தூங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் குழந்தைகளுக்கு ஆபத்து என்றேன். அவர் ஒரு பட்டியலை எடுத்து, மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் பார்த்தார்.

"பகல் தூக்கம்னு ஒண்ணு இதுல இல்ல சார். தூக்கம்னா ராத்திரி பத்துல இருந்து காலைல ஆறு வரைக்கும். மத்த நேரத்துல கண்ண மூடிப் படுத்திருந்தா அதுக்குப் பேரு ஓய்வு. தூக்கத்தக் கெடுத்தாத்தான் குத்தம். ஓய்வக் கெடுக்கலாம், விதியில எடம் இருக்கு."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"மறு அளவீடு கேட்டு எழுதிக் குடுங்க. பெட்டிய இன்னொரு ஏழு நாள் வைக்கறேன். இந்தத் தடவ கொஞ்சம் மனசு வச்சு, குடும்பம் மாதிரி இருங்க. வீட்ல ஆள் இருக்குன்னு பதிவாயிட்டா சுவர் தானா வந்துடும்."

குடும்பம் மாதிரி இருப்பது எப்படி என்பதற்கு அவரிடம் ஒரு பின்னிணைப்பு இருந்தது. மூன்று பேர் உள்ள சராசரிக் குடும்பம், ஒரு நாளைக்கு: பேச்சு நான்கு மணி நேரம், தொலைக்காட்சி மூன்று மணி நேரம், சிரிப்பு பதினொரு முறை, பாத்திரம் விழுதல் இரண்டு முறை, நடுத்தரச் சண்டை ஒன்று.

"நடுத்தரச் சண்டைன்னா?"

"பக்கத்து வீட்டுக்குக் கேக்கணும் சார். ஆனா அவங்க பஞ்சாயத்துக்கு வர்ற அளவுக்குப் போகக் கூடாது."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பின்னிணைப்பைக் காட்டினேன். மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல நிதானமாகப் படித்தாள். "ஏழு நாள்தானேங்க. பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துடலாம். அப்புறம் ஆயுசுக்கும் சுவர் இருக்குமில்ல?" என்றாள். லீவு கேட்டுப் பார்த்தாள். வார்டில் ஏற்கெனவே ஆள் பற்றாக்குறை, கிடைக்கவில்லை.

மச்சான் வீட்டிலிருந்து ஒரு தொலைக்காட்சிப் பெட்டியைக் கடன் வாங்கி வந்தேன். நாற்காலிகளின் சாக்ஸைக் கழற்றினேன். மகளுக்குத்தான் கொண்டாட்டம். தனக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது அன்றுவரை அவளுக்கே தெரியாது. பதினாறாம் வாய்ப்பாட்டைப் பாட்டாகப் பாடினாள், பாத்திரத்தை இரண்டு முறை போடச் சொன்னால் ஆறு முறை போட்டாள். சண்டைதான் எங்களுக்கு வரவில்லை. சத்தமாகச் சண்டை போட்டுப் பழக்கம் வேண்டாமா? முதல் நாள் கைவசம் இருந்த ஒரு சட்டப் புத்தகத்தின் அச்சுப்படியை எடுத்து, வாதி பேசுவதை நான் கத்திப் படித்தேன், பிரதிவாதியை அவள் படித்தாள். இரண்டாம் நாள் பிரதிவாதி படித்துக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் மகள் எதற்கோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபோது மனைவி புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டாள். "பதினோரு வருசமா இந்த வீட்ல இருக்கேன். என் பொண்ணு வாய்விட்டுச் சிரிச்சு இன்னைக்குத்தான் கேக்கறேன். பொறந்ததுலேருந்து அவ வாயப் பொத்தியே வளத்திருக்கோம். இது உங்களுக்கு உறைக்கவே இல்லையா?"

"உனக்காகத்தானே பண்ணோம்."

"எனக்காகன்னு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? சீட்டுலயாவது எழுதிக் கேட்டீங்களா?"

அவள் அழுதாள். பதினோரு வருடமாக நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்த ஒன்று, ஒரு நிமிடத்தில் என் கையில் உடைந்து கிடந்தது. பெட்டி அதை நடுத்தரச் சண்டை என்று பதிவு செய்திருக்கும்.

ஆறாம் நாள் காலை அவள் வேலை முடிந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது.

"ஒரே குழந்தைக்கு ரெண்டாவது தடவ மருந்து எடுத்துட்டேங்க. ஏற்கெனவே குடுத்தது எனக்கு ஞாபகமே இல்ல. பக்கத்துல இருந்த பொண்ணு கையப் பிடிச்சுட்டா." தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பிடிக்கலன்னா?"

எனக்குப் பயமாக இருந்தது. எல்லாவற்றையும் அணைத்துவிடட்டுமா என்று கேட்டேன். "இன்னும் ஒரு நாள்தானே" என்றாள்.

ஏழாம் நாள் முடிந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாளே பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். ஆணையம் வேகமாக இயங்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. கூட்டம் காலை பதினொரு மணிக்கு, அதாவது என் மனைவியின் நடுராத்திரிக்கு. அவள் வார்டிலிருந்து நேராக வந்திருந்தாள். "நானே பேசறேன். எனக்குத்தான் தெரியும் என்ன ஆகும்னு. நீங்க பேசினா ஒருத்தருக்கும் கேக்காது" என்று சொல்லியிருந்தாள்.

வாசலில் திருத்தப்பட்ட பக்கத்தைக் கையில் கொடுத்தார்கள். ஆசையாக வாங்கிப் படித்தேன்.

"வீடு எண் 14இல் குடும்பம் இருப்பது உறுதியாகிறது. இவ்வீட்டின் பகல்நேரச் சத்தம் 74 டெசிபல். முனையத்தால் ஏற்படவிருக்கும் சத்தம் 71 டெசிபல் மட்டுமே. எனவே முனையத்தால் இக்குடும்பத்துக்குப் பாதிப்பு இல்லை. இக்குடும்பத்தால் முனைய ஊழியர்களுக்குப் பாதிப்பு ஏற்படுமா என்பது தனியே பரிசீலிக்கப்படும்."

எங்களுக்கு ஒலிபெருக்கிக்கு நேர் கீழே இடம் கிடைத்தது. வேறு இடத்தில் யாரும் உட்கார விடவில்லை. ஆணையத் தலைவர் எழுந்து தொண்டையைச் செருமிய சத்தத்தில் எனக்குப் பல் கூசியது.

"சகோதர சகோதரிகளே," என்றார். "இந்தத் திட்டத்துக்கு எதிராச் சில பேரு பேசறாங்க. பேசட்டும். பேச விடறதுதான் எங்க வேலை. கேக்கறது வேற துறை. குட்டையை மூடறோம்னு சொல்றாங்க. நாங்க மூடல. அது மேல மண்ணப் போடறோம். எண்ணூறு மரத்த வெட்டறோம்னு சொல்றாங்க. வெட்டற ஒவ்வொரு மரத்துக்கும் பத்து மரம் நடப்போறோம். எங்க நடறதுன்னு கண்டுபிடிக்கக் குழு போட்டிருக்கோம். அந்தக் குழுவுக்குக் கட்டடம் கட்டத்தான் இன்னும் நூறு மரம் வெட்ட வேண்டியிருக்கு. இப்படி ஒவ்வொரு விஷயத்தையும் யோசிச்சு யோசிச்சுப் பண்ணியிருக்கோம்."

இப்படி ஐம்பது நிமிடம். நாற்பதாவது நிமிடத்தில் என் தோளில் பாரம் இறங்கியது. திரும்பிப் பார்த்தேன். மனைவி தூங்கிவிட்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. எட்டு நாள் கழித்து அவள் முகம் முகமாக இருந்தது.

"அடுத்து வீடு எண் 14" என்று அழைத்தார்கள்.

எழுப்பத்தான் கையைக் கொண்டுபோனேன். உலுக்கியிருக்க வேண்டும், தெரியும். அவள் பேசியிருந்தால் அந்தக் கூடத்தில் நாலு பேராவது நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். ஆனால் எனக்கு மனம் வரவில்லை. பதினோரு வருடம் எதைச் செய்யக் கூடாது என்று காவல் காத்தேனோ, அதை அத்தனை பேர் முன்னால் செய்ய என் கை மறுத்துவிட்டது. ஒரு தோளில் அவளைத் தாங்கியபடி, நீட்டிய மைக்கை வாங்கி நானே பேசினேன். குழந்தைகளைப் பற்றிச் சொன்னேன், இரண்டாவது முறை எடுத்த மருந்தைச் சொன்னேன், கையைப் பிடித்த பெண்ணைச் சொன்னேன். இவ்வளவையும் அவள் விழித்துவிடாதபடி சொன்னேன்.

"சத்தமாப் பேசுங்க" என்றார் தலைவர்.

"முடியாதுங்க. தூங்கறா" என்றேன். அது மட்டும் கேட்டது.

தலைவர் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. ஒலி நிபுணரைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். நிபுணர் கைக்கருவியோடு எங்களிடம் வந்து, மனைவியின் காதருகே அதைப் பிடித்து, ஒலிபெருக்கியை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு அறிவித்தார்: "எண்பத்திரண்டு டெசிபல். முழிக்கல."

கூடத்தில் கைதட்டல் எழுந்தது. எண்பத்தாறு. அப்போதும் விழிக்கவில்லை. புகைப்படக்காரர் வந்து மூன்று கோணத்தில் படம் எடுத்தார். கூட்டக் குறிப்பில் இப்படிப் பதிவானது: "வீடு எண் 14இன் தரப்பில் ஆட்சேபணை எதுவும் கேட்கவில்லை. மேற்படி வீட்டைச் சேர்ந்தவர் எண்பத்தாறு டெசிபலிலும் பாதிப்படையாததை நேரில் நிரூபித்துக் காட்டினார். ஆணையம் அவருக்கு நன்றி தெரிவித்துகொள்கிறது." அதில் 'தெரிவித்துக்கொள்கிறது' என்பதில் ஒரு 'க்' விட்டுப்போயிருந்தது. நான் திருத்தவில்லை.

முனையம் வந்து இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. பகலில் பெட்டிகள் முட்டிக்கொள்ளும்போது சமையலறைத் தட்டுகள் தாமாகவே பேசுகின்றன. மகள் பள்ளியில் நன்றாகக் கத்துகிறாள், ஆசிரியைக்கு இப்போது அதுதான் புகார். மனைவி முதல் மாதத்திலேயே குழந்தைகள் வார்டு வேண்டாம் என்று தானே எழுதிக் கொடுத்துவிட்டாள். பகல் வேலை காலி இல்லை. அதனால் இரவில் துணிக் கிடங்கில் போர்வை எண்ணுகிறாள். போர்வையைத் தப்பாக எண்ணினால் யாரும் சாக மாட்டார்கள் என்றாள். அதைச் சொல்லும்போது சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

போன வாரம் மாலை அவளை வேலைக்கு அனுப்ப பஸ் நிறுத்தம் வரை போனேன். முனையத்தின் பிரதான வாயிலுக்கு எதிரே இருக்கிறது அது. அன்றுதான் பெரிய விளம்பரப் பலகை ஒன்றை ஏற்றி முடித்திருந்தார்கள். இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பெண் தூங்குகிறாள். தலை சாய்ந்திருந்த என் தோளை வெட்டிவிட்டு வெள்ளைத் தலையணை ஒன்றை வைத்திருந்தார்கள். கீழே கொட்டை எழுத்தில்: "உங்கள் அமைதியே எங்கள் சரக்கு."

எங்களுக்குப் பக்கத்தில் காய்கறிப் பையோடு நின்றிருந்த அம்மாள் அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார். "கொடுத்து வச்சவ. எப்படித் தூங்கறா பாரு" என்று என் மனைவியிடம் சொன்னார்.

மனைவி வெகுநேரம் பலகையைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், கையில் சாப்பாட்டுப் பையோடு நின்ற அவளை அந்த அம்மாளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஆமாங்க," என்றாள். "யாரு பெத்த பொண்ணோ. நல்லா இருக்கட்டும்."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள்.